படகுக்கு வாசல் வைத்த விபரம்

வெள்ளைப்பாறைத் தோட்டம்,
மேல் டிவிசன் கிரவுண்ட்,
கோயிலுக்குப் பக்கத்தில் உள்ள படகு,
ஹாலிஎல.
மார்ச் மாதம், ஞாயிறு, பூசை முடிந்து.

அன்பும் அமைதியும் நிறைந்த மைத்துனர் ஜீவராஜ் அவர்களுக்கு,

தங்கள் அக்காள் நேசராணியின் கணவனும், மேற்படி தோட்டத்தின் ஓய்வுபெற்ற லொறி டிரைவரும், தோட்ட மரண உதவிச் சங்கத்தின் செயலாளருமாகிய மரியநாயகம் எழுதிக்கொள்வது. இயேசு மரி சூசை துணையால் நாங்கள் இங்கு உயிரோடு இருக்கிறோம். "நலமாக" என்று எழுதத்தான் பேனை போனது, நிறுத்திவிட்டேன். துபாயில் தங்கள் சுகத்துக்காகவும், தாங்கள் கழுவிப் பராமரிக்கும் பணக்காரப் படகுகளின் சுகத்துக்காகவும் செபமாலையில் மறக்காமல் வேண்டிக்கொள்கிறோம். சங்கத்துக்காகக் கடிதம் எழுதிப் பழகிய கை இது. எதை எழுதத் தொடங்கினாலும் "ஆழ்ந்த கவலையுடன் அறியத் தருவது" என்றுதான் முதலில் வருகிறது. இந்தக் கடிதத்தில் அதை அடிக்காமல் அப்படியே விட்டுவிட்டாலும் பிழையில்லை.

மச்சான், இதற்கு மேல் "தாங்கள்" போட என்னால் முடியாது. உன் அக்காவைக் கட்டி வரும்போது நீ அரைக்கால்சட்டையோடு என் தேயிலைக் கொழுந்து லொறியில் தொங்கிக்கொண்டு வந்தவன். நீ என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய், அக்காவின் நம்பரையும் தடுத்து வைத்திருக்கிறாய். ஆகவே இதை எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, உனக்குத் தெரியாத ஒரு நம்பரிலிருந்து அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறேன். அது யாருடைய நம்பர் என்பது போகப் போக விளங்கும். கடிதத்தில் ஒரு வசதி, நடுவில் நீ கத்த முடியாது.

நீ அந்தப் படத்தைப் பார்த்துவிட்டாய். நிவாரணம் கொண்டு வந்த கொழும்புப் பிள்ளைகள் எடுத்து முகநூலில் போட்ட படம். பின்னால் மலை, முன்னால் தேயிலை, நடுவில் உன் படகு, படகின் விலாவில் ஒரு வாசல், வாசலில் ஒரு மிதியடி, மிதியடியில் குந்திக்கொண்டு உன் அக்கா கீரை ஆய்கிறாள். படத்தில் பொய் ஒன்றும் இல்லை. அது எப்படி அப்படி ஆனது என்பதை ஒழுங்காகச் சொல்லாவிட்டால் நீ ஏப்ரலில் வந்து இறங்கும்போது என் கழுத்தில் கைவைப்பாய், அதனால் முதலிலிருந்து வருகிறேன்.

அறுகம்பையில் கடையை மூடிக்கொண்டு ஊருக்குப் போன வெள்ளைக்காரரிடம் இந்தச் சின்னப் பாய்ப்படகை ட்ரெயிலரோடு நீ வாங்கினாய். "மச்சான், ரிட்டயர் ஆகி சும்மாதான இருக்கீங்க, தோட்டத்துக்கு இழுத்துக்கிட்டுப் போய் வச்சுப் பாத்துக்கங்க. உள்ளுக்கு நாலு பேரு படுத்து எந்திரிச்சு சமைச்சு சாப்பிட்டு சொகுசாப் போற மாதிரி செஞ்சு வைங்க. நான் வந்து பொத்துவில்ல டூரிஸ்ட்டுக்கு ஓட்டப் போறேன்" என்றாய். நான் சரி என்றேன். ஆயுள் முழுக்கக் கொழுந்து ஏற்றியவனுக்கு ஒரு படகு பாரமா என்ற நினைப்பு. இழுத்து வரும் வழியில் மொனராகலையில் பொலிஸ்காரர் மறித்து, கடல் உனக்குப் பின்னால் இருக்கிறது என்று கை காட்டினார். பசறை வளைவுகளில் பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்தே களைத்துவிட்டான். தோட்டத்துக்குள் நுழைந்ததும் திருநாளுக்குப் புதுச் சப்பரம் வருகிறது என்று நினைத்துப் பெண்கள் பூவும் மெழுகுதிரியும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். நான் இறங்கி விளக்கம் சொல்லுமுன் படகின் மூக்கில் மாலை விழுந்துவிட்டது. போட்ட மாலையைக் கழற்றினால் பாவம் என்று உன் அக்கா சொன்னபடியால் அது காய்ந்து உதிரும்வரை அப்படியே கிடந்தது.

கிரவுண்டில் நிறுத்திய மறுநாளே கணக்கப்பிள்ளை வீரசிங்கம் வந்துவிட்டார். லயத்தில் நாங்கள் குடியிருக்கும் காம்பராவில் ஒரு ஜன்னலைப் பெரிதாக்குவதென்றாலும் தோட்டத்துத் துரைக்கு மனுப்போட வேண்டும் என்பது நீ அறியாததல்ல. என் அப்பா போட்ட மனுவுக்கே இன்னும் பதில் வரவில்லை, அப்பாவைப் புதைத்தும் பல காலமாயிற்று. "என்ன மரியநாயகம், கிரவுண்டுல கட்டடம் கெளம்புது? பெர்மிசன் இருக்கா?" என்றார். "கட்டடம் இல்லீங்க, கீழ பாருங்க, சக்கரம் இருக்கு" என்றேன். மனுசன் வேட்டியை மடித்துக் குந்திப் பார்த்தார், ஒரு சக்கரத்தைக் கையால் தட்டிப் பார்த்தார், நெடுநேரம் யோசித்தார். "சக்கரம் இருந்தா வாகனம். வாகனத்துக்குத் தோட்டத்துல மனு கெடையாது. நிக்கட்டும். ஆனா சக்கரத்தக் கழட்டுனீங்கன்னா அன்னைக்கே கட்டடம், நான் ரிப்போட் எழுதணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். ஆகவே மச்சான், பராமரிப்பு விசயத்தில் நீ சொன்ன எத்தனையோ வேலைகளில், ட்ரெயிலர் சக்கரத்துக்கு கிரீஸ் போடுவதை மட்டும் நீ சொன்னதற்கு மேலாகவே செய்து வருகிறேன். நாலு பேரைக் கூப்பிட்டு இடைக்கிடை ஒரு முழம் உருட்டியும் வைப்பேன். ஒரே இடத்தில் நின்றால் டயரைச் சுற்றிப் புல் வளர்ந்து கட்டடமாகிவிடுமோ என்று பயம்.

மற்ற வேலைகளைப் பற்றி. மெத்தை கேட்டாய், தும்பு மெத்தையை அறுத்து வளைவுக்கு ஏற்றமாதிரித் தைத்துப் போட்டோம். திரை கேட்டாய், அக்காவின் கல்யாணச் சேலைக்கு அடுத்த சேலை திரையானது. சூரிய வெளிச்சத்தில் எரியும் விளக்குக் கேட்டாய், அதுவும் வாங்கிப் போட்டோம், அப்புத்தளையிலிருந்து மூடுபனி இறங்கினால் அது இரண்டு நாள் துக்கம் அனுட்டிக்கும். நீ ஆசையாக வாங்கச் சொன்ன ஸ்பிரிட் அடுப்பை அக்கா ஒரே ஒருதரம் பற்றவைத்தாள். "ஆசுபத்திரி வாசம் அடிக்குது, இதுல பொங்குனா சோத்துக்கு ஊசி போட்ட மாதிரி இருக்கும்" என்று அதைத் துணி சுற்றி வைத்துவிட்டு, மூலையில் மண்ணால் அடுப்புப் போட்டுவிட்டாள். "காத்து ஓடணும் மச்சான், அதான் முக்கியம்" என்றாய். நான் பழைய லொறியின் சைலன்சர் குழாயைக் கூரையில் பொருத்தினேன். காற்று ஓடியது, புகை ஓடவில்லை. உள்கூரை இப்போது என்ன நிறம் என்று கேட்காதே.

இன்னொன்றும் இருக்கிறது. ஐப்பசி மழையில் படகுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வெளித் தண்ணீரை உள்ளே விடாத சாமான், உள்ளே வந்த தண்ணீரை வெளியே விடவும் மாட்டேன் என்கிறது. லொறிப் பெட்டியில் தண்ணீர் தேங்கினால் அடித்தட்டில் ஓட்டை போடுவதுதான் வழக்கம். போட்டேன். தண்ணீர் அழகாக இறங்கியது. சந்தோசத்தில் பக்கத்தில் இன்னும் சில போட்டேன். அன்று மாலை நீயே போன் பண்ணி, "மழைத் தண்ணி நின்னா பின்பக்கம் ஒரு மூடி இருக்கும் மச்சான், திருகி எடுத்தீங்கன்னா போயிரும்" என்று அக்கறையாகச் சொன்னாய். நான் "சரி மச்சான், பாக்குறேன்" என்றேன். போய்ப் பார்த்தேன். மூடி இருந்தது.

இதுவரைக்கும் நீ என்னைத் திட்டலாம், திட்டியும் இருப்பாய். இனி எழுதுவதைச் சங்கத்தின் செயலாளராகத்தான் எழுத முடியும்.

நவம்பர் கடைசியில் பெய்த மழை உனக்குத் தெரியும், செய்தியில் பார்த்து இரண்டு நாள் எங்களுக்குப் போன் எடுத்துக்கொண்டே இருந்தாய். எங்கள் பக்கத்துப் போன் கோபுரமெல்லாம் விழுந்திருந்தது. அன்று காலை மழை கடுமை என்று, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலேயே வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எல்லாரும் காம்பராவுக்குத் திரும்பி, அடுப்பை மூட்டி, பிள்ளைகளையும் பள்ளிக்கூடம் அனுப்பாமல் சேர்ந்திருந்த நேரம். வேலைக்குப் போயிருந்தால் அந்த மலைக்கு இந்தப் பக்கம் நின்றிருப்பார்கள். கீழ் லயத்துக்கு மேலே இருந்த தேயிலை, தேயிலையாகவே, வரிசை குலையாமல் இறங்கி வந்தது. பாதி லயத்தை மூடிவிட்டது. கோயிலில் சாமியார் பிறகு நோவாவைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். நோவாவுக்கு ஆண்டவர் முன்கூட்டியே ஆள்வைத்துச் சொல்லாமல் தானே சொன்னார், நீளம் அகலம்கூடக் கொடுத்தார். எங்களுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

ரோட்டு எல்லாப் பக்கமும் அறுந்துவிட்டது. மண் அள்ளும் மெசின் வர வழியில்லை. மண்வெட்டியும் மண் கிளறும் முள்ளும் இருந்தன, கயிறு இல்லை. நான் படகைத் திறந்துவிட்டேன். நீ கயிற்றைக் கயிறு என்று சொல்லக்கூடாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருக்கிறது என்று திருத்துவாய். அன்று ஒருவரும் பெயர் கேட்கவில்லை, எல்லாவற்றையும் எடுத்துப் போனார்கள். அதில் கட்டித்தான் எட்டுப்பேர் வரைக்கும் உயிரோடு மேலே வந்தார்கள். உன் செம்மஞ்சள் மிதவைச் சட்டைகளைப் பிள்ளைகளுக்குப் போட்டு ஓடையைக் கடத்தினோம். பாய்மரம் ஏன் வளைந்தது என்று கேட்டு நீ அனுப்பிய செய்திக்கு நான் பதில் போடவில்லை. மண்ணுக்குள் குத்திப் பார்க்க அவ்வளவு நீளமான சாமான் வேறு எங்களிடம் இருக்கவில்லை மச்சான். குத்திக் குத்தித்தான் வளைந்தது.

சுபாஸைக் கண்டுபிடித்தது அந்த மரம்தான். உனக்கு அவனைத் தெரியாது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு பிடித்தவன், கீழ் லயம். வேலை முடிந்தால் நேரே கிரவுண்டுக்கு வந்து படகில் ஏறி உட்கார்ந்துகொள்வான். மெத்தைக்கு ஊசி கோத்ததும் அவன்தான். நீ வந்ததும் உன்னிடம் வேலை கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். "ஒனக்கு நீச்சல் தெரியுமாடா" என்று கேட்டால், "அது பொறகு பாத்துக்கலாம் மாமா, மொதல்ல வேல கெடைக்கட்டும்" என்பான். படகின் பெரிய பாயை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, சுருக்கம் விழாமல் மடித்து வைக்கச் சொல்லியிருந்தாய். அது இனி நடக்காது. கீழ் லயத்திலிருந்து கோயில்வரை எல்லாரையும் அதில்தான் தூக்கி வந்தோம், ஒருவருக்குப் பின் ஒருவராக. செத்தவருக்குப் பெட்டி கொடுப்பது சங்கத்தின் விதி. ரோட்டு இல்லாமல் பெட்டி எங்கிருந்து வரும்? கோயில் வாங்குப் பலகையைக் கழற்றி அடித்தோம், அதுவும் முடிந்துவிட்டது. கடைசியாகக் கிடைத்தவன் சுபாஸ். அவன் உன் பாயைச் சுற்றிக்கொண்டுதான் படுத்திருக்கிறான். செயலாளர் என்ற முறையில் எனக்கு வெட்கமாக இருக்கிறது, அந்தப் பாய் நல்ல வெள்ளையாக இருந்தது என்பதைத் தவிர எனக்குச் சொல்ல ஆறுதல் இல்லை.

அவனுடைய பெண்சாதி ஜெசிந்தினி. அன்று ரேசன் கடைக்குப் போயிருந்தபடியால் தப்பியவள். அப்போது நிறைமாதம். எல்லாரையும் பள்ளிக்கூட மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தார்கள், எங்கள் காம்பராச் சுவரும் வெடித்து, உள்ளே குடியிருக்கக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியதால் நாங்களும் அங்கேதான். ஒரு மண்டபம், ஒரு கக்கூசு, அதற்கு வரிசை, ஈரச் சிமெந்து நிலம். இரண்டாம் நாள் உன் அக்கா அவள் கையைப் பிடித்து எழுப்பினாள். "வா புள்ள, என் தம்பி நமக்கு ஒரு வீடு வாங்கி வச்சிருக்கான்" என்றாள். அவள் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன், நான் ஒன்றும் சேர்க்கவில்லை. தோட்டத்து மண்ணில் ஒரு குடிசை போடுவதென்றால் மனு, மனுவுக்குப் பதில் வருமுன் பிள்ளைக்குப் பல் முளைத்துவிடும். வாகனத்துக்கு மனு இல்லை என்று வீரசிங்கம் சொன்னது அப்போதுதான் எவ்வளவு பெரிய வார்த்தை என்று எனக்கு உறைத்தது.

வந்து பார்த்தால் ஏணி. அக்காவின் முழங்கால் உனக்குத் தெரியும், ஜெசிந்தினியின் வயிறு யாருக்கும் தெரியும். இருவரும் கீழே நின்று மேலே பார்த்தார்கள், நான் மேலே நின்று கீழே பார்த்தேன். அக்காதான் சொன்னாள், "ஏணியில ஏறி கூரை வழியா எறங்குறதுக்கு நம்ம என்ன களவெடுக்கவா வந்தோம்? வீடுன்னா வாசல் இருக்கணும். வாசல வைங்க." ஹாலிஎலையில் பஸ்களுக்குத் தகரம் ஒட்டும் அஸ்ஹர் தம்பியை நடத்திக் கூட்டி வந்தேன், கிரைண்டரையும் சின்ன ஜெனரேட்டரையும் இருவரும் மாறி மாறிச் சுமந்தோம். அவன் படகை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "மரியண்ணே, யோசிச்சுத்தானே சொல்றீங்க? இது தண்ணியில போற சாமான்" என்றான். "தண்ணி எங்க தம்பி இருக்கு?" என்று அக்கா கேட்டாள். அவன் மலையைப் பார்த்தான், கீழ் லயத்தைப் பார்த்தான், ஜெசிந்தினியைப் பார்த்தான், கிரைண்டரை எடுத்தான். அறுக்கும்போது எனக்கு உன் முகம்தான் வந்தது மச்சான். வெள்ளைத் தூள் பறந்து கண்ணெல்லாம் எரிந்தது, அழுததைத் தூள் என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனாலும் கோடு பிசகாமல்தான் அறுத்தோம். நிலை வைத்து, எங்கள் காம்பராவின் பின்கதவையே கொண்டு வந்து மாட்டினோம். வாசற்படி, நீ படத்தில் சிவப்புக் கோடு போட்டு இதுவரைதான் தண்ணீர் வரும் என்று காட்டுவாயே, அதற்கு ஒரு சாண் கீழே வருகிறது. அதற்கு மேலே வைத்தால் அக்காவுக்குக் கால் எட்டாது.

பிள்ளை பதுளை ஆஸ்பத்திரியில் பிறந்து படகுக்கு வந்தது. பெண்பிள்ளை. முன்பக்கம் கூராகப் போகிறதே, கெப்டனுக்கு என்று நீ சொன்ன படுக்கை, அதில் தாயும் மகளும். முன்பக்கத்துச் சின்னப் பாய் தப்பியிருந்தது, அதில்தான் தொட்டில் கட்டியிருக்கிறது. சாமியார் மந்திரிக்க வந்தார். வாகனத்துக்கு ஒரு செபம், வீட்டுக்கு ஒரு செபம் இருக்கிறது, எதைச் சொல்ல என்று கேட்டார். வீரசிங்கமும் பக்கத்தில் நின்றார். நான் முந்திக்கொண்டு "வாகனம்தாங்க சாமி" என்றேன். அவர் சத்தமாக வாகனத்துக்குரியதைச் சொல்லிவிட்டு, குனிந்து தொட்டிலுக்குள் தீர்த்தம் தெளிக்கும்போது மற்றதையும் முணுமுணுத்துவிட்டார். வீரசிங்கம் அந்த நேரம் தேயிலைப் பக்கம் திரும்பி நின்றார்.

பிறகு அந்தப் படம், அதற்குப் பிறகு நீ அனுப்பிய குரல்செய்தி. நான் அதைப் பலதரம் கேட்டேன். "மச்சான், மத்தவன் போட்டக் கழுவிக் கழுவி கைத்தோலு உரிஞ்சு போய் வாங்குனது அது. எனக்குன்னு இந்த ஒலகத்துல ஒண்ணுன்னா அதுதான். அதுல வாசல் வச்சுட்டீங்களே. கப்பல்ல எவனாவது வாசல் வைப்பானா? ஏப்ரல்ல வர்றேன், அது பழையபடி இருக்கணும், இல்லாட்டி நான் உங்க மச்சானும் இல்ல, அவ எனக்கு அக்காவும் இல்ல." நீ கடைசியில் அழுததும் கேட்டது. அக்கா அன்று சாப்பிடவில்லை. நீ சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை மச்சான். நீ பன்னிரண்டு பேர் படுக்கும் அறையில் கட்டில் ஒன்றில் படுத்துக்கொண்டு, இந்தப் படகை நினைத்துத் தூங்குகிறவன் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே பின்வருமாறு தீர்மானித்திருக்கிறேன். ஏப்ரலுக்கு முன் அஸ்ஹர் தம்பி ஃபைபர் போட்டு வாசலை அடைத்துத் தருவான், நிறம் கொஞ்சம் பேதமாக இருக்கும். அடித்தட்டு ஓட்டைகளையும் அடைப்பான், எத்தனை என்று அவனுக்கு மட்டும் சொல்கிறேன். அடுப்பைக் கிளறி எடுத்து, உள்கூரைக்கு வெள்ளை அடித்து, ஸ்பிரிட் அடுப்பைத் துணி அவிழ்த்து வைப்போம். பாய்மரத்தை நிமிர்த்தினால் ஒடியும் என்கிறார்கள், அதை நீ வந்து பார்க்க வேண்டும். பெரிய பாய்க்கு நான் பொறுப்பு, ஆனால் தோண்டச் சொல்லாதே. பழைய டிராக்டர் ஒன்றைக் கேட்டு வைத்திருக்கிறேன், பொத்துவில்வரை நானே ஓட்டி வந்து தண்ணீரில் இறக்கித் தருவேன். அக்காவும் நானும் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போய்விடுவோம், வயதானவர்களுக்கு எங்கே படுத்தாலும் ஒன்றுதான். ஜெசிந்தினியை என்ன செய்வது என்று தெரியவில்லை. மண்டபத்தில் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது, மாலைக்கு மேல்தான் உள்ளே விடுகிறார்கள், பச்சைப் பிள்ளையோடு பகலெல்லாம் அவள் எங்கே நிற்பாள்? வீடு கட்டித் தருவதாக நிறையப் பேர் வந்து சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் பிள்ளையைத் தூக்கி வைத்துப் படம் எடுத்தார்கள். நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை மச்சான், விபரம்தான் சொல்கிறேன். இன்னும் ஒரு மழைக்காலம் மட்டும் அது கிரவுண்டில் நின்றால் என்ன என்று அக்கா கேட்கச் சொன்னாள். நான் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவள் கேட்கச் சொன்னாள் என்பதைத்தான் எழுதுகிறேன்.

கோபம் ஆறட்டும். வெயிலில் தொப்பியில்லாமல் நிற்காதே. அக்கா உனக்கு இஞ்சி போட்ட தேயிலை கட்டி வைத்திருக்கிறாள். மாதா உன் கையையும் கைத்தோலையும் காப்பாளாக.

இங்ஙனம்,
என்றும் உன் மச்சானாக இருக்க விரும்பும்,
செ. மரியநாயகம்.

பி.கு: இந்தப் பக்கத்தை முதலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இதைப் படித்தால் மற்றதைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, மேலே நான் தீர்மானித்த ஒன்றும் இப்போது தீர்மானம் இல்லை.

உனக்குத் தெரியாத நம்பர் என்று முதலில் எழுதினேனே, அது ஜெசிந்தினியுடையது. நேற்றுக் கடிதத்தை முடித்து, படம் பிடித்து அனுப்பு பிள்ளை என்று அவளிடமே கொடுத்தேன். படம் பிடிக்கிறவள் படிப்பாள் என்ற சாதாரண புத்தி எனக்கு இருக்கவில்லை. அவள் ஒன்றும் அனுப்பவில்லை. தாள்களை அடுக்கி என் கையில் தந்துவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போனாள். இன்று காலை நாங்கள் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தால், படகு கூட்டிப் பெருக்கியிருந்தது, தொட்டிலை அவிழ்த்து, அந்தச் சின்னப் பாயை நீ சொன்னமாதிரியே சுருக்கமில்லாமல் மடித்து மெத்தையில் வைத்திருந்தது. அவள் கீழ் லயத்துக்குப் போய்விட்டாள். மண் மூடாமல் நிற்கிறதே பாதி லயம், அதில் கடைசிக் காம்பராவுக்கு. நோட்டீஸ் ஒட்டிய கதவைத் திறந்துகொண்டு பிள்ளையோடு உள்ளே இருக்கிறாள்.

அக்கா போய்க் கூப்பிட்டாள். சாமியார் போனார். வீரசிங்கம் போய், "இது ஆபத்தான கட்டடம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் போனபோது என் முகத்தைப் பார்க்காமல்தான் பேசினாள். "கைத்தோலு உரிய ஒழச்சு வாங்குன சாமானு மாமா. என்னால தான் அத அறுத்தீங்க. அந்தண்ணன் அங்க அழுவுறாரு, நான் இங்க அதுக்குள்ள எப்புடித் தூங்குறது? சொந்தக்காரரு தன் வாயால வான்னு சொன்னா வர்றேன். வேற ஆரு சொன்னாலும் வர மாட்டேன்." மேலே இருக்கும் மண் இன்னும் வெடித்துத்தான் கிடக்கிறது மச்சான், பிளவுக்குள் என் கை போகிறது.

வாசலை நான் அடைக்கப் போவதில்லை. அஸ்ஹருக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ என் மச்சானாக இல்லாவிட்டாலும் சரி. இதை மொஹிதீன் நானாவின் கடையில் நின்று, அவருடைய போனில் அனுப்புகிறேன். அதிலிருந்து உன்னைக் கூப்பிட்டும் பார்த்தோம், வேலை நேரம், நீ எடுக்கவில்லை. என்னைக் கூப்பிட வேண்டாம். ஜெசிந்தினியின் நம்பரை இந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், பின்பக்கத்தையும் படம் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். படகு எனக்கு வேண்டாம் என்று சொல், இல்லாவிட்டால் படகுக்குக் காவல் ஆள் வேண்டும் என்று சொல், எந்தப் பொய்யை வேண்டுமானாலும் சொல். அப்புத்தளைப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. என்னைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், மழை பிடிக்குமுன் அவளுக்குப் போன் எடு.